பெயரில்லாத எண்பத்து நான்கு தாள்கள்

அத்தியாயம் 17

மிர்தா சாண்ட்விச்சுக்குக் கோழிக்கறியைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். முழுசாக இரண்டு கோழி, ஒரு கிண்ணம் மயோனீஸ், நாற்பது குட்டி ரொட்டி. மணி காலை ஏழு. பதினோரு மணிக்கு அவளுடைய ஆய்வேட்டுக்கு வாய்மொழித் தேர்வு.

சிம்போட்டே துறைமுக ஊரில் பட்டம் வாங்குவது என்றால் சும்மாவா? மூன்று நடுவர்கள் கேள்வி கேட்பார்கள். கேட்டு முடித்ததும் அந்த மூன்று பேருக்கும் மாணவியின் வீட்டார் விருந்து வைக்க வேண்டும். பதில் சுமாராக இருந்தாலும் மன்னித்துவிடுவார்கள். சாண்ட்விச் சுமாராக இருந்தால் ஊர் முழுக்கப் பேசுவார்கள்.

தேலியாவின் வீட்டில் ஆறு வருடமாக எல்லோரும் காத்திருந்தது இந்த நாளுக்குத்தான். கணவன் போனதிலிருந்து இருபது வருடமாக அவள் மீன் டப்பா ஆலையில் நின்றுகொண்டே வேலை செய்கிறாள். வெந்த மீனைத் தோலுரித்து, முள்ளெடுத்து, தட்டில் அடுக்குகிற வேலை. மூத்தவன் வில்மர், தங்கை படிக்கட்டும் என்று பள்ளிக்கூடத்தோடு நிறுத்திக்கொண்டு மூன்று சக்கர மோட்டோ ஓட்டுகிறான். அந்தத் தங்கை மிர்தா நிர்வாகவியல் படித்தாள். ஆய்வுக்கும் அம்மாவின் ஆலையையே எடுத்துக்கொண்டாள். நிறுவனப் பண்பாடும் உழைப்பின் தரமும் என்று தலைப்பு.

"மேல இருக்கிறவன் மனுஷனா நடத்தினா கீழ இருக்கிறவன் ஒழுங்கா வேலை செய்வான். இதைக் கண்டுபிடிக்க ரெண்டு வருஷமா?" என்று வில்மர் போன வாரம் கேட்டானே, நினைவிருக்கிறதா? "என் வண்டியில ஏறுற அத்தனை பேரும் இதைத்தான் சொல்றாங்க."

"அவங்க சொல்றதுக்குக் கணக்கு இல்ல அண்ணே. என்கிட்ட பூஜ்யம் புள்ளி ஏழு ஒண்ணு இருக்கு. ரெண்டுக்கும் உள்ள உறவு உறுதின்னு அர்த்தம்."

"அதை ஊத்தினா வண்டி ஓடுமா?"

அன்று வீடே சிரித்தது. அப்படிச் சிரிக்க முடிந்ததே ஆலையின் கடிதம் கையில் இருந்ததால்தான். ஆலை முத்திரை குத்திய அனுமதிக் கடிதம் இல்லாமல் எந்த ஆய்வேடும் பல்கலைக்கழகத்தில் ஒரு அடிகூட நகராது. அந்தக் கடிதத்துக்காக மிர்தா ஆறு மாதம் ஆலைக்கு நடந்திருந்தாள். பணியாளர் பிரிவுத் தலைவர் பரேதெஸ் கடைசியில் ஒரு நிபந்தனை போட்டார். எல்லோரும் அவரை இஞ்சினியர் என்றுதான் கூப்பிடுவார்கள். எதற்கு இஞ்சினியர் என்று யாருக்கும் தெரியாது.

"நிரப்பின தாளையெல்லாம் மூணே மூணு நாள் என்கிட்ட விட்டுட்டுப் போங்க. நீங்க நிஜமாவே கேட்டீங்களான்னு நான் பார்க்க வேணாமா? அப்புறம் முத்திரை குத்தித் தர்றேன்."

மிர்தா அரை நிமிடம் யோசித்தாள். எண்பத்து நான்கு தாள். ஒன்றில்கூடப் பெயர் இல்லை. பெயர் எழுதவே கூடாது என்று அவளே வாசலில் நின்று ஒவ்வொருவரிடமும் சொல்லியிருந்தாள். பெயரில்லாத தாளை யார் பார்த்தால் என்ன? கொடுத்துவிட்டாள். நான்காம் நாள் தாளும் திரும்பி வந்தது, கடிதமும் வந்தது. வீட்டில் கேக் வெட்டினார்கள்.

இன்று ஆலையில் புது மீன்பிடிப் பருவம் தொடங்குகிற நாள். விடியற்காலை நாலரைக்கே தேலியா தன் வெள்ளை ரப்பர் பூட்ஸைப் பையில் போட்டுக்கொண்டு ஆலை வாசலுக்குப் போயிருந்தாள். தன் பெயரைப் படித்ததும் பகலுக்கு விடுப்பு வாங்கிக்கொண்டு திரும்பி வருவதாகச் சொல்லியிருந்தாள்.

வாசல் கதவு திறந்தது. வந்தது தேலியா இல்லை, அவளை ஆலை வாசலில் இறக்கிவிடப் போன வில்மர். வண்டிச் சாவியைக் கையிலேயே வைத்துக்கொண்டு அடுக்களை வாசலில் நின்றான்.

"பேர் படிச்சாங்க" என்றான்.

மிர்தா சட்டென்று திரும்பினாள். "அம்மா பேர்?"

"படிச்சாங்க. முதல் பேரே அம்மா பேர்தான்."

"அப்புறம் ஏன் மூஞ்சியை இப்படி வச்சிருக்க? பயந்தே போயிட்டேன்."

"உன் மத்ரினா பேரைப் படிக்கலை."

மத்ரினா என்றால் ஞானத்தாய். ஒலிந்தாதான் மிர்தாவை ஞானஸ்நானத் தொட்டியில் கையில் ஏந்தியவள். தேலியாவும் ஒலிந்தாவும் ஆலையில் ஒரே மேசையில் எதிரும் புதிருமாக நின்று இருபது வருடம் மீன் சுத்தம் செய்தவர்கள். ஒருத்தியை ஒருத்தி, ஞான உறவுக்காரி என்ற பொருளில், கொமாத்ரே என்று கூப்பிடுவார்கள். கூடப் பிறந்தவளிடம்கூட அந்த உரிமை வராது.

அந்த ஆலையில் யாரையும் வேலையை விட்டுப் போ என்று சொல்லும் வழக்கம் கிடையாது. பருவம் தொடங்கும்போது காவல்காரன் ஒலிபெருக்கியில் பெயர் படிப்பான். படித்த பெயர்கள் உள்ளே போகும். படிக்காத பெயர்கள் வெளியே நிற்கும். கதவைச் சாத்துகிற வரைக்கும் நிற்கும். சாத்திய பிறகும் கொஞ்ச நேரம் நிற்கும். அவ்வளவுதான், வேலை போய்விட்டது. காரணம் கேட்க ஒரு காகிதம்கூட இருக்காது.

"எத்தனை பேர்?"

"பத்தொன்பது. ஒவ்வொருத்தரா எண்ணினேன். முழங்கால் வலிக்காரி கார்மென், மீன் அடுக்குற அக்கா தங்கச்சி ரெண்டு பேரும், கொதிகலன்கிட்ட நிக்கிற..." அவன் குரல் கொஞ்சம் இறங்கியது. "கொதிகலன்கிட்ட நிக்கிற ஒரே பொம்பளை யாரு? யெசேனியா. அவளும்."

யெசேனியா யார் என்று தொடர்ந்து படிக்கிறவர்களுக்குத் தெரியும். புது வருடத்தில், தான் காதலிக்கிற அவளை வீட்டுக்கு அழைத்து வருவதாக வில்மர் அம்மாவிடம் சொல்லி மூன்று வாரம்தான் ஆகிறது.

மிர்தாவின் கை கோழிக் கிண்ணத்திலேயே நின்றுவிட்டது. ஒரே பொம்பளை. அவன் சாதாரணமாகத்தான் சொன்னான். அவளுக்குத்தான் பெட்டியில் கிடந்த ஒரு தாளின் தலைப்பு ஞாபகம் வந்தது.

கையைக் கழுவினாள். சரியாகத் துடைக்காமலே உள்ளே ஓடி, கட்டிலுக்கு அடியில் இருந்த அட்டைப் பெட்டியை இழுத்தாள். மேலே இருந்த தாளை எடுத்தாள். வலது மூலையில் பென்சிலால் வைத்த ஒரு சின்னப் புள்ளி.

இந்தப் புள்ளியை அவள் முன்பே பார்த்திருக்கிறாள். எண்களைக் கணினியில் ஏற்றும்போது சில தாள்களில் இருந்தது. இஞ்சினியர் எண்ணிப் பார்க்கும்போது வைத்திருப்பார் என்று நினைத்தாள். எண்ணுகிறவர் சில தாள்களில் மட்டும் எதற்குப் புள்ளி வைக்கப் போகிறார் என்று அப்போது தோன்றவில்லை. ஏன் தோன்றவில்லை? கடிதம் கையில் இருந்ததே, அந்த மயக்கம்.

தரையில் உட்கார்ந்து புள்ளி உள்ளவற்றைத் தனியாக எடுத்து வைத்தாள். பதினேழு. பதினெட்டு. பத்தொன்பது.

அதற்கு மேல் இல்லை.

ஒவ்வொரு தாளின் தலைப்பிலும் நான்கு கேள்விகள். வயது, ஆணா பெண்ணா, எந்தப் பிரிவு, எத்தனை வருட வேலை. வகுப்பில் சொல்லிக்கொடுத்தபடி அவளே தட்டச்சு செய்தவை. ஐம்பத்தெட்டு வயது, பெண், சுத்தம் செய்யும் கூடம், இருபத்து நான்கு வருடம். அந்தக் கூடத்தில் ஒலிந்தாவைத் தவிர யார்? முப்பது வயது, பெண், கொதிகலன். உலகத்தில் வேறு யார்? பெயர் எழுத வேண்டாம் என்று சொல்லிவிட்டு, பெயரைத் தவிர மற்ற எல்லாவற்றையும் கேட்டு வைத்திருந்தாள் படித்த பெண்.

ஒலிந்தாவின் தாளில், எதை மாற்ற விரும்புகிறீர்கள் என்ற கடைசிக் கேள்விக்குக் கீழே குண்டு குண்டு எழுத்தில் இருந்தது: கழிப்பறைக்கு ஒரு ஷிப்டுக்கு இரண்டு தடவைதான் விடுகிறார்கள். அதுவும் கெஞ்சினால்தான். எங்களுக்கும் வயதாகிறது. கொஞ்சம் இரக்கம் காட்டினால் நாங்கள் இன்னும் நன்றாக வேலை செய்வோம்.

வில்மர் பின்னால் வந்து நின்றதை அவள் கவனிக்கவில்லை.

"என்னது இது?"

அவள் சொன்னாள். அழாமல்தான் சொன்னாள். வில்மர் குனிந்து, பத்தொன்பது தாளையும் ஒவ்வொன்றாகப் புரட்டி, கொதிகலன் என்று எழுதியிருந்ததை எடுத்தான். முழுவதும் படித்தான். அவன் எதையும் முழுவதுமாகப் படித்து மிர்தா பார்த்ததில்லை.

"யெசேனியா எழுத மாட்டேன்னுதான் சொன்னா. நான்தான் சொன்னேன், என் தங்கச்சி நல்லா படிச்சவ, பத்திரமா வச்சிருப்பான்னு."

"அண்ணே..."

அவன் அந்தத் தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வெளியே போய்விட்டான். மோட்டோ கிளம்புகிற சத்தம் கேட்டது. தாளை எடுத்துக்கொண்டு எங்கே போகிறான் என்று மிர்தா கேட்பதற்குள் வண்டி தெருவைத் தாண்டியிருந்தது.

தேலியா எட்டு மணிக்கு வந்தாள். பூட்ஸ் பையைக் கீழே வைத்தாள். முகத்தில் சிரிப்பும் இல்லை, அழுகையும் இல்லை.

"என்னை சூப்பர்வைசர் ஆக்கிட்டாங்க" என்றாள், யாருக்கோ நடந்ததைச் சொல்வது போல. "ஒலிந்தாவோட மேசைக்கு நான் சூப்பர்வைசராம். மேசையிலதான் ஒலிந்தா இல்ல."

பிறகுதான் தரையில் பரப்பியிருந்த தாள்களைப் பார்த்தாள். மிர்தா எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. தேலியா நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

"உன் தாள் எதுன்னு இப்பத்தான் தெரிஞ்சுதும்மா." மிர்தா ஒரு தாளை நீட்டினாள். ஐம்பத்தொரு வயது, சுத்தம் செய்யும் கூடம், இருபது வருடம். முப்பது கேள்விக்கும் ஐந்துக்கு ஐந்து. மேலாளர் உங்கள் பேச்சைக் கேட்கிறாரா? ஐந்து. மரியாதையாக நடத்துகிறார்களா? ஐந்து. எதை மாற்ற வேண்டும்? எல்லாம் நன்றாக இருக்கிறது, கடவுளுக்கு நன்றி.

"ஆமா. அஞ்சுதான் போட்டேன்."

"எல்லாத்துக்கும்?"

"அங்க எழுதிக் கொடுக்கிறது எதுவும் எழுதின இடத்துலயே நிக்காதுன்னு எனக்குத் தெரியாதா? இருபது வருஷம்டி."

"தெரிஞ்சா அவங்களை மட்டும் ஏம்மா உள்ளதை எழுதச் சொன்ன?" மிர்தா எழுந்துவிட்டாள். "மேசை மேசையா நீதானே போன? என் பொண்ணு படிப்பு, பயப்படாம எழுதுங்கன்னு நீதானே சொன்ன?"

தேலியா மகளை நிமிர்ந்து பார்த்தாள். "முதல் நாள் இருபது தாள் வாங்கிட்டு வந்தியே, ஞாபகம் இருக்கா? இருபதும் அஞ்சு. வீட்டுக்கு வந்து என்ன அழுகை அழுத! எல்லாரும் அஞ்சு போட்டா ஆய்வே இல்லம்மா, மார்க் ஏறி இறங்கி இருக்கணும்மா, இல்லாட்டி பட்டமே இல்லம்மான்னு. மூணு நாள் சாப்பிடலை. நான் என்ன செய்யறது?"

"அதுக்காக அவங்களை..."

"ஆமா, அதுக்காகத்தான். உனக்கு ஏறி இறங்கி வேணும்னே. அவங்களை இறங்கச் சொன்னேன். நான் இறங்கலை. நான் இறங்கினா உன் படிப்புக்கு யாரு நிப்பா?" தேலியா சட்டென்று நிறுத்தினாள். அவள் கை தானாகவே மடியில் முள்ளெடுப்பது போல அசைந்துகொண்டிருந்தது. "இவ்வளவு தூரம் போகும்னு நான் நினைக்கலை. திட்டுவாங்க, மேசை மாத்துவாங்கன்னு நினைச்சேன். என் கொமாத்ரேவை வாசல்ல நிக்க வைப்பாங்கன்னு நினைக்கலை."

அடுக்களையில் ரொட்டி காய்ந்துகொண்டிருந்தது.

"நான் நடுவர்கள்கிட்ட சொல்லப் போறேன்" என்றாள் மிர்தா.

"சொல்லு. சொன்னா ஒலிந்தாவுக்கு வேலை திரும்ப வருமா?"

மிர்தா தாள்களைப் பெட்டியில் அடுக்கத் தொடங்கினாள்.

"வராதுல்ல? பத்தொன்பது பேர் போனது போனதுதான். நீயும் போனா இருபது. நானும் போனா இருபத்தொண்ணு. நம்ம ரெண்டு பேரும் போறதால அவங்க யாருக்காவது ஒரு வேளை சோறு வருமா, சொல்லு." தேலியா எழுந்து ரொட்டியை ஈரத் துணியால் மூடினாள். "தலையைச் சீவிக்கோ. நேரமாச்சு."

அம்மா சொன்னது தப்பு என்று மிர்தாவுக்குத் தெரிந்தது. ஆனால் எந்த இடத்தில் தப்பு என்று விரல் வைத்துச் சொல்ல முடியவில்லை. அவள் தலையைச் சீவிக்கொண்டாள்.

பல்கலைக்கழக மாடி வராந்தாவில் வழிகாட்டி ஆசிரியர் சாலாஸைப் பிடித்தாள். நல்ல மனிதர் என்று பெயர் வாங்கியவர். மாணவர்களின் பெயர்களை மறக்காதவர். அவள் சொல்லச் சொல்ல அவர் கழுத்துப்பட்டையைச் சரிசெய்துகொண்டே இருந்தார்.

"கேள்வித்தாள் சரியா இருக்குன்னு கையெழுத்துப் போட்ட மூணு நிபுணர்கள் யாரு மிர்தா?"

"நீங்களும் இன்னும் ரெண்டு பேரும், சார்."

"ஆக, தப்புன்னா என் தப்பும்தான். நான் மறுக்கலை." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நீ உள்ள போய்ச் சொன்னா என்ன நடக்கும் தெரியுமா? ரகசியம் காக்கலைன்னு ஆய்வு ரத்து. ஆலை கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கும். பட்டியலுக்கும் தாளுக்கும் சம்பந்தமே இல்லைன்னு இஞ்சினியர் சத்தியம் பண்ணுவார். உன்கிட்ட இருக்கிறது என்ன? பென்சில் புள்ளி. பென்சில் புள்ளியை வச்சு யார்கிட்ட வழக்காடுவ?"

"அப்போ என்ன செய்யறது சார்?"

"எதிர்கால ஆய்வுகளுக்கான பரிந்துரைன்னு ஒரு பகுதி இருக்கில்ல. அதுல ஒரு வரி சேர்த்துடலாம். சிறிய நிறுவனங்களில் வயதையும் பிரிவையும் சேர்த்துக் கேட்பதைத் தவிர்க்கவும்னு. அடுத்து வர்றவங்களுக்கு உதவியா இருக்கும்."

பத்தொன்பது பேருக்கு ஒரு வரி. மிர்தாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் நிறுத்த முடியாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

அறைக்குள் முதல் வரிசையில் இஞ்சினியர் பரேதெஸ் உட்கார்ந்திருந்தார். கண்ணாடித் தாள் சுற்றிய ஒரு அட்டைப் பெட்டி அவர் மடியில். ஆலையின் மீன் டப்பாக்கள், நடுவர்களுக்கு அன்பளிப்பு. மிர்தாவைப் பார்த்து எழுந்து நின்று வாழ்த்தினார். அந்த மனிதருடைய முகத்தில் கள்ளத்தனமாவது இருக்கக் கூடாதா? ஒன்றும் இல்லை. அவர் பார்வையில் அவர் தன் வேலையை ஒழுங்காகச் செய்திருந்தார்.

தேலியா பின் வரிசையில் இருந்தாள். பக்கத்தில் வில்மருக்காக அவள் கைப்பையை வைத்துப் பிடித்த நாற்காலி காலியாகவே இருந்தது.

பதினோரு மணிக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது கதவு திறந்து ஒலிந்தா வந்தாள். நீல கவுன், பழைய வெள்ளைக் காலணி. தோளில் ஒரு பை. நேராக வந்து மிர்தாவின் கன்னத்தைப் பிடித்தாள். கையில் எலுமிச்சை வாசனை. மீன் வாடை போக எத்தனை பழம் தேய்த்தாளோ.

"தங்கமே! தாமதமாயிடுச்சின்னு ஓடி வந்தேன்."

"மத்ரினா, நீங்க... இன்னைக்கு..."

"பேர் படிக்கலைன்னுதானே? விடு. எழுதுறவன் ஒரு வரியை விட்டுட்டிருப்பான். இருபத்து நாலு வருஷத்துல என்மேல ஒரு புகார் கிடையாது. நாளைக்குப் போய்க் கேட்டா சேர்த்துடுவாங்க." கண்ணைச் சிமிட்டினாள். "என் பேரை இன்னைக்கு எதுக்கு இழுக்கற? இன்னைக்கு உன் பேர் படிக்கிற நாள்."

மிர்தா பேசத் தொடங்கினாள். திரையில் அட்டவணைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. எண்பத்து நான்கு பேர், முப்பது கேள்விகள், பூஜ்யம் புள்ளி ஏழு ஒன்று. மனப்பாடம் செய்தது அப்படியே வந்தது. குறைந்த மதிப்பெண் வந்த பகுதி எது என்று சொல்லும்போது மட்டும் திரையைத் திரும்பிப் பார்த்துப் படித்தாள். தொழிலாளர் மீதான இரக்கம் என்ற பகுதி அது. அந்த மதிப்பெண் கீழே இறங்கக் காரணமான பத்தொன்பதில் ஒருத்தி பின் வரிசையில் உட்கார்ந்து, ஒரு வார்த்தை புரியாமல், மேளக் கச்சேரிக்கு ஆடுவது போலத் தலையாட்டிக்கொண்டிருந்தாள்.

நடுவர் குழுத் தலைவி டாக்டர் உர்பினா மூக்குக் கண்ணாடியை இறக்கினார். "நல்லா இருக்கும்மா. ஒரு கேள்வி. உங்க ஆய்வோட நடைமுறைப் பயன்னு ஒரு பகுதி எழுதியிருக்கீங்க. முடிவுகள் நிறுவனத்துக்கு உதவியா இருக்கும்னு. எல்லாரும் எழுதுறதுதான். நிஜமாவே அந்த நிறுவனம் பயன்படுத்திக்கிச்சா?"

பரேதெஸ் புன்னகையோடு மிர்தாவைப் பார்த்தார். சாலாஸ் மேசையைப் பார்த்தார். தேலியா மகளைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் இருபது வருடம் நின்ற கால்வலி இருந்தது.

இதுதான் நேரம் என்று மிர்தாவுக்குத் தெரிந்தது. வாயைத் திறந்தாள். இன்று காலை பத்தொன்பது பேரை என்ற சொற்கள் நாக்கு நுனியில் வரிசையாக நின்றன. அவை வெளியே வந்துவிட்டால் தானே தன் கையால் தன் பெயரை அடித்துவிட்டதாக ஆகும். பயந்தாள். வெட்கத்தைவிட பயம் பெரிதாக இருந்தது. அதை அழகாகச் சொல்ல வேறு வழி இல்லை.

"ஆமாம் டாக்டர். பயன்படுத்திக்கிட்டாங்க."

"எதுக்கு?"

"பணியாளர்கள் சம்பந்தமான... முடிவுகளுக்கு."

"அருமை!" என்றார் டாக்டர் உர்பினா. பரேதெஸ் ஆமோதித்துத் தலையசைத்தார். யாரோ கை தட்டினார்கள். திரும்பிப் பார்க்காமலே அது ஒலிந்தா என்று மிர்தாவுக்குத் தெரிந்தது.

வீட்டாரை வெளியே அனுப்பிவிட்டு நடுவர்கள் பத்து நிமிடம் பேசினார்கள். பிறகு எல்லோரையும் உள்ளே அழைத்து, நிற்கச் சொல்லி முடிவைப் படித்தார்கள். மிர்தாவின் முழுப் பெயர், அப்பா பெயர், அம்மா பெயர் எல்லாம் சேர்த்து. ஏகமனதாகத் தேர்ச்சி. ஆய்வைப் பத்திரிகையில் வெளியிடவும் பரிந்துரை.

தேலியா அழுதாள். சந்தோஷத்தில் அழுகிறாள் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

மேசையில் சாண்ட்விச்சும் மஞ்சள் சோடாவும் பரப்பினார்கள். ஒலிந்தா பையிலிருந்து சிவப்புப் பட்டுக் கச்சையை எடுத்து மிர்தாவின் தோளில் குறுக்காக அணிவித்தாள். அது ஞானத்தாயின் உரிமை. போன மாதமே தைக்கக் கொடுத்தாளாம். ஓரத்தில் தங்க நிற நூலில் மிர்தாவின் பெயர்.

"எங்க உன் புஸ்தகம்? காட்டு. கண்ணால பார்க்கணும்."

நீல அட்டை போட்ட ஆய்வேட்டின் ஒரு பிரதி சாண்ட்விச் தட்டுக்குப் பக்கத்திலேயே இருந்தது. மிர்தா எடுத்து மறைப்பதற்குள் ஒலிந்தா கையில் எடுத்துவிட்டாள். விரலை ஈரப்படுத்திக்கொண்டு பக்கம் பக்கமாகப் புரட்டினாள். எண்கள், கட்டங்கள், மீண்டும் எண்கள். கடைசிப் பக்கங்களுக்கு வந்தாள்.

மிர்தா அவளை நோக்கி ஓர் அடி வைத்தாள். இணைப்பு நான்கு. நிரப்பப்பட்ட கேள்வித்தாளின் மாதிரி ஒன்றை அப்படியே நகலெடுத்து வைக்க வேண்டும் என்பது விதி. எண்பத்து நான்கில் எது நன்றாக, மனம் விட்டு எழுதப்பட்டிருந்ததோ அதைத்தான் அவள் தேர்ந்தெடுத்திருந்தாள்.

"அடியாத்தி!" ஒலிந்தாவின் முகம் மலர்ந்தது. "கொமாத்ரே, இங்க வா! என் எழுத்துடி! என் எழுத்து புஸ்தகத்துல வந்திருக்கு!"

தேலியா கையில் பிடித்த சோடா பாட்டிலோடு அப்படியே நின்றாள்.

"நான் மூணாங் கிளாஸோட நின்னவ. என் எழுத்தைப் பல்கலைக்கழகத்துல அச்சடிச்சு வச்சிருக்காங்க, பாரு." சட்டென்று அவளுக்கு ஒரு யோசனை வந்துவிட்டது. "இரு, இதை இஞ்சினியர்கிட்ட காட்டறேன். என் பேர் விட்டுப்போன விஷயத்தையும் இப்பவே சொல்லிடலாம். நாளைக்கு வாசல்ல நிக்க வேண்டாம் பாரு."

"மத்ரினா, வேணாம்" என்றாள் மிர்தா. குரல் அவளுக்கே கேட்கவில்லை.

ஒலிந்தா புத்தகத்தை இரண்டு கையாலும் திறந்து பிடித்துக்கொண்டு அறையைக் கடந்து போனாள். பரேதெஸ் சாலாஸோடு பேசிக்கொண்டிருந்தார், கையில் பாதி கடித்த சாண்ட்விச்.

"இஞ்சினியர், ஒரு நிமிஷம். இது நான் எழுதினது. பேர் போடலை, ஆனா இது நான்தான்."

பரேதெஸ் குனிந்து பார்த்தார். மென்றுகொண்டே, மரியாதைக்குச் சிரித்துக்கொண்டே, "தெரியும் செனோரா ஒலிந்தா. உங்களோடதுன்னு அப்பவே தெரியும்" என்றார்.

சொன்ன பிறகுதான் மெல்லுவதை நிறுத்தினார்.

ஒலிந்தாவின் சிரிப்பு உடனே போகவில்லை. முகத்திலேயே கொஞ்ச நேரம் தங்கியது. அவள் மீண்டும் பக்கத்தைப் பார்த்தாள். தன் வயதை, தன் பிரிவை, தன் இருபத்து நான்கு வருடத்தைப் பார்த்தாள். மேல் மூலையில் இருந்த புள்ளியைப் பார்த்தாள். அழுக்கு என்று நினைத்தாளோ என்னவோ, எலுமிச்சை மணக்கிற கட்டைவிரலால் அதைத் தேய்த்தாள். அச்சான புள்ளி எங்கே போகும்?

அறையின் மறு கோடியில் சிவப்புக் கச்சையோடு நின்றிருந்த மிர்தாவை நோக்கித் திரும்பினாள். கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ள ஆசைப்படுகிற ஒரு மாணவியைப் போலத்தான் கேட்டாள்.

"பேர் எழுதாட்டி யாருக்கும் தெரியாதுன்னு நீதானே சொன்ன, தங்கம்?"